மணலை அடிக்கப் பழகுங்கள்: பங்கரிலிருந்து கோல்ஃப் பந்தை வெளியே எடுக்கும் முறை

கோல்ஃப் ஆட்டத்தில் மட்டை பந்தைத் தொடாமலே பந்தை அனுப்ப வேண்டிய அடி ஒன்றுதான் உண்டு. குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனை ஒட்டிய மணற்பள்ளத்திலிருந்து, அதாவது பங்கரிலிருந்து, அடிக்கும் அடிதான் அது. மட்டை பந்துக்குப் பின்னால் மணலுக்குள் நுழைந்து, பந்தின் அடியில் கடந்து, முன்பக்கமாக வெளியேறுகிறது. இடையில் கிளம்பும் மணல்தான் பந்தைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. இதைக் காதால் கேட்டவர்கள் பலர் இருந்தாலும் கையால் நம்புகிறவர்கள் குறைவு. பந்தைத்தான் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தின் மூலையில் இருக்கும்வரை, கடைசி நொடியில் கைகள் பந்தைத் தூக்கிவிடப் பார்க்கின்றன. அப்போது மட்டையின் முன்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் புதருக்குள் போய் விழுகிறது. அதற்குப் பயந்து அடுத்த முறை ஓங்கி இறக்கினால் மட்டை மண்ணில் புதைந்து நின்றுவிட, பந்து ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் அதே பள்ளத்தில் கிடக்கிறது.

ஆகவே பங்கர் பயிற்சியில் பாதிக்கு மேல் மணலைப் பற்றியதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பந்தும் தேவையில்லை, மைதானமும் தேவையில்லை. வட சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. நகரின் பழைய கோல்ஃப் மைதானங்கள் கிண்டி, நந்தனம் பக்கம் அமைந்தவை. விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம் என்றாலும், வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வருவது வேலைக்குப் போகிறவர்களுக்கு எளிதல்ல. மணலோ திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது.

மட்டையின் அடிப்பாகத்தைப் பாருங்கள்

பங்கருக்கென்று அமைந்த மட்டை சாண்ட் வெட்ஜ். இதன் இன்றைய வடிவத்துக்குக் காரணமானவர் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென். விமானம் கிளம்பும்போது அதன் வால்பகுதி இறங்கி மூக்கு மேலே எழுவதைக் கவனித்தவர், மட்டையின் அடியிலும் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் அது மணலுக்குள் புதையாமல் மேலெழும் அல்லவா என்று யோசித்து, தன் பழைய இரும்பு மட்டையின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கினார். அந்த மட்டையுடன் ஆடித்தான் 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார்.

உங்கள் சாண்ட் வெட்ஜைத் தரையில் வைத்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். மட்டையின் பின்விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்விளிம்பு தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர். சாண்ட் வெட்ஜின் லாஃப்ட், அதாவது பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வுக்கோணம், பெரும்பாலும் 54 முதல் 58 டிகிரி வரையும், பவுன்ஸ் 8 முதல் 14 டிகிரி வரையும் இருக்கும். மட்டையின் அடியிலேயே இந்த எண்களைப் பொறித்திருப்பார்கள். இப்போது மட்டையின் முகத்தை மெல்ல வலப்பக்கமாகத் திருப்பித் திறந்தால் முன்விளிம்பு இன்னும் மேலே எழுவதைக் காணலாம். பங்கரில் முகத்தைத் திறந்து அடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். முகம் திறந்திருந்தால் பின்விளிம்பு முதலில் மணலில் பட்டு, மட்டை ஆழமாக இறங்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. முகம் மூடியிருந்தால் முன்விளிம்பு கத்தியாக மாறித் தோண்டத் தொடங்குகிறது.

கற்றுக்கொள்ளும் காலத்தில் 60 டிகிரி லாப் வெட்ஜ் தேவையே இல்லை. விலை உயர்ந்த புது வெட்ஜும் தேவையில்லை. 56 டிகிரி லாஃப்ட்டும் 10 டிகிரிக்கு மேல் பவுன்ஸும் கொண்ட பழைய மட்டை ஒன்று கிடைத்தால், அதுவே சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

நிற்கும் விதம்

இனிச் சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியது. இடக்கைக்காரர்கள் திருப்பிக்கொள்ள வேண்டும்.

முதலில் மட்டையின் முகத்தைத் திறந்து, அதன் பிறகுதான் கிரிப்பை, அதாவது கைப்பிடியை, பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பி முகத்தைத் திறந்தால், அடிக்கும்போது கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும், முகமும் கூடவே மூடிக்கொள்ளும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் மிகப் பலர். அவர்களுடைய மட்டை ஏன் புதைகிறது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. முகம் திறந்ததால் பந்து வலப்பக்கம் போகப் பார்க்கும் என்பதால், பாதங்களும் இடுப்பும் தோளும் குழியில் நட்டிருக்கும் கொடிக்குச் சற்று இடப்பக்கமாக நோக்கியிருக்க வேண்டும். பந்து இடக் குதிகாலுக்கு நேரே, அல்லது அதற்கு ஒரு விரல் உள்ளே இருக்கட்டும். உடல் எடையில் பாதிக்கு மேல் இடக்காலில் தங்கட்டும். மட்டையை மேலே கொண்டுபோகும்போதும் அந்த எடை வலக்காலுக்கு மாறக் கூடாது. கைகளைப் பந்துக்கு முன்னால் தள்ளி வைக்க வேண்டாம். கைப்பிடி முன்னால் சாய்ந்தால் பவுன்ஸ் குறைந்துவிடும்.

பாதங்களை மணலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அசைத்து இறக்குங்கள். ஸ்விங்கின்போது, அதாவது மட்டையை வீசும்போது, கால் வழுக்காமல் இருக்க இது உதவும். பாதம் தாழ்ந்த அளவுக்கு மட்டையின் பாதையும் தாழ்வதால், அது தானாகவே பந்துக்குக் கீழே செல்லும். அதோடு மணல் தளர்ந்ததா இறுகியதா, மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கிறதா என்பதைப் பாதம் சொல்லிவிடும். மட்டையால் மணலைத் தொட்டுச் சோதிக்க விதி அனுமதிக்காததால், உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல் கால் வழியே வருவதுதான். பாதம் இறங்கிய அளவுக்குக் கிரிப்பைச் சற்றுக் கீழே பிடிப்பதும் நல்லது.

ஐந்நூறு ரூபாய் நோட்டின் அளவு

பந்துக்குப் பின்னால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் மட்டை மணலுக்குள் நுழைய வேண்டும். கண் பார்க்க வேண்டியதும் பந்தையல்ல, அந்த இடத்தைத்தான். இதை அளவோடு பழகுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. இப்போது புழக்கத்தில் இருக்கும் 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர், அகலம் 66 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு செவ்வகத்தை, அதன் நீளவாட்டம் இலக்கை நோக்கி இருக்கும்படி, மணலில் விரலால் வரைந்து அதன் நடுவில் பந்தை வையுங்கள். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி; ஆகவே செவ்வகத்தின் பின்விளிம்புக்கும் பந்தின் பின்பக்கத்துக்கும் இடையே 5 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடம் இருக்கும், முன்னாலும் அதே அளவு இருக்கும். அந்தச் செவ்வகம் முழுவதையும் மெல்லிய தகடாகச் சீவி வெளியே எறிவதே உங்கள் வேலை. பந்து அதன்மேல் இருந்ததால் தானும் கூடவே போகும்.

முதலில் பந்தில்லாமல்தான் பழக வேண்டும். மணலில் இலக்குக்குக் குறுக்காக ஒரு மீட்டர் நீளக் கோடு ஒன்றைக் கிழித்து, பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் அந்தக் கோடு வருமாறு நின்றுகொள்ளுங்கள். ஒரு முறை ஸ்விங் செய்துவிட்டு, கோட்டின் வழியே அரை அடி நகர்ந்து அடுத்ததைச் செய்யுங்கள். கோடு முடிந்ததும் குனிந்து தடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தடம் கோட்டிலேயே தொடங்கி, ஒரு சாணுக்குள் முடிந்து, ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் அந்த அடி சரி. கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கியிருந்தால் எடை வலக்காலில் தங்கிவிட்டது என்று பொருள். தடம் குட்டையாகவும் குழியாகவும் இருந்தால் முகம் மூடிக்கொண்டது, அல்லது மட்டையை மணலுக்குள்ளேயே நிறுத்திவிட்டீர்கள். தடமே இல்லையென்றால் கைகள் பந்தைத் தூக்கப் பார்க்கின்றன. இல்லாத பந்தையே தூக்கப் பார்க்கும் கை, இருக்கும் பந்தை நிச்சயம் விடாது.

காதையும் பயன்படுத்துங்கள். பவுன்ஸ் சரியாகப் பட்டால் தட்டையான 'தப்' என்ற ஓசை எழும்; முன்விளிம்பு தோண்டினால் ஓசை அமுங்கிவிடும், மணிக்கட்டிலும் ஓர் இடி தெரியும்.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் சந்தேகம். மணல் மட்டையின் வேகத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், 10 மீட்டர் தொலைவில் இருக்கும் கொடிக்குப் புல்லில் 25 முதல் 30 மீட்டருக்குச் செய்யும் ஸ்விங் தேவைப்படலாம். தயங்கித் தயங்கி அடிப்பவருக்குப் பங்கர் ஒருபோதும் வசப்படாது. தொலைவைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்விங்கின் நீளத்தை மாற்றுங்கள். மணலில் நுழையும் இடத்தை மாற்றாதீர்கள். எந்தத் தொலைவானாலும் ஃபாலோ த்ரூ, அதாவது பந்தைக் கடந்தபின் தொடரும் மட்டையின் வீச்சு, முழுமையாக முடிந்து, மார்பு இலக்கை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

கடற்கரையில் மூன்று வகை மணல்

சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து கடல் நீரோட்டத்தோடு வரும் மணலைத் தடுத்ததால், தெற்கே மெரினா அகன்றுகொண்டே போக, வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கக் கரையோரம் கருங்கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் தூண்டில் வளைவுகளையும் கட்டினார்கள். இந்த வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மணல் சேர்ந்திருக்கிறது. கோடு கிழித்துப் பழக அந்தத் திட்டுகள் போதும். கருங்கல்லுக்கு அருகில் மட்டும் ஸ்விங் செய்யாதீர்கள். மணலுக்கு அடியிலும் சில்லுகள் கிடக்கும், மட்டையின் முகம் ஒரே அடியில் பல்லிளித்துவிடும். கிளிஞ்சல்களையும் முதலில் பொறுக்கிவிடுவது நல்லது.

அந்தக் கரை வெறும் மணல் அல்ல, மீனவர்களின் வேலையிடம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். படகு ஏற்றும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் நின்று மண்ணைக் கிளப்புவது மரியாதையில்லை, அருகில் இருப்பவரிடம் "அண்ணா, இந்தப் பக்கம் ஓரமா நின்னு பழகிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், எந்த இடத்தில் கல் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். பொதுக் கடற்கரையில் உண்மையான கோல்ஃப் பந்தை எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. முன்விளிம்பில் பட்டுத் தப்பிய பந்து ஆளைக் கொல்லும் வேகத்தில் போகும். பந்து இல்லாமல் பழகுங்கள். மிஞ்சினால் பஞ்சுபோன்ற ஃபோம் பந்தை வையுங்கள். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். மேல்மணலில் முட்டைக்குழி என்று அடையாளம் இட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கரையின் உண்மையான பயன், அலையிலிருந்து மேலே வர வர மணல் மாறிக்கொண்டே வருவதுதான். அலை தொட்டுப் போகும் இடத்தில் மணல் இறுகியிருக்கும். நடுவில் மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். அதற்கு மேலே கால் புதையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். மூன்றிலும் ஒரே கோட்டுப் பயிற்சியைச் செய்து பாருங்கள். தளர்ந்த மணலில் முகத்தை நன்றாகத் திறந்தால்தான் மட்டை மிதந்து போகும். திறக்காவிட்டால் அப்படியே அமிழ்ந்துவிடும். இறுகிய ஈரமணலில் இதற்கு நேர்மாறு. முகத்தை அகலத் திறந்தால் மட்டை மணலில் பட்டுத் துள்ளி எழும். அங்கே பந்து இருந்திருந்தால் அதன் நடுவில் பட்டிருக்கும். ஆகவே ஈரமணலில் முகத்தை நேராகவோ மிகச் சற்றே திறந்தோ வைத்து, ஸ்விங்கையும் சிறிதாக்க வேண்டும். பந்தும் அங்கே தாழ்வாகவும் விரைவாகவும் கிளம்பும்.

இந்த வேறுபாட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானத்துக்குப் போகும்போது உணர்வீர்கள். சித்திரை வெயிலில் அழகாக வந்த அதே அடி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அதே பங்கரில் கிரீனைத் தாண்டிப் பறக்கும். அடி மாறவில்லை, மணல்தான் மாறியிருக்கிறது.

வீடு திரும்பியதும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்துவிடுங்கள். முகத்தின் வரிகளுக்குள் இருக்கும் மணலைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட வேண்டும். உப்புக்காற்றுக்குச் சைக்கிளே தாங்காத ஊரில் வெட்ஜ் மட்டும் எப்படித் தாங்கும்?

வீட்டு முற்றத்தில் மணல்தொட்டி அமைக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலர்ந்த மணல் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 1600 கிலோ எடை கொண்டது. ஒரு மீட்டர் நீள அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டினாலே 160 கிலோ ஆகிவிடும். நனைந்தால் இன்னும் கூடும். பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் மொட்டைமாடியில் இதைச் செய்ய வேண்டாம், தரையில் செய்யுங்கள். எம்-சாண்டை விடச் சலித்த ஆற்றுமணல் மட்டைக்கு மென்மையானது. சிறுகண் கொண்ட பழைய மீன்வலையை இரட்டையாக மடித்து முன்னால் தளர்வாகத் தொங்கவிட்டால் ஃபோம் பந்துக்குப் போதுமானது.

பந்து கிடக்கும் விதம்

எப்போதும் பந்து மணலின் மேலேயே உட்கார்ந்திருக்காது. மேலிருந்து விழுந்து பாதி புதைந்திருந்தால் இதுவரை சொன்னதை மறந்துவிட வேண்டும். அப்போது மட்டை தோண்டத்தான் வேண்டும். ஆகவே முகத்தை நேராக்கி அல்லது சற்று மூடி, பந்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து, செங்குத்தாக மேலேற்றிப் பந்துக்குப் பின்னால் ஓங்கி இறக்குங்கள். ஃபாலோ த்ரூ அதிகம் இருக்காது, அது தவறில்லை. பந்து சுழற்சியின்றி வெளிவந்து நெடுந்தூரம் உருளும் என்பதால், கொடிக்கு நிறைய முன்னாலேயே விழும்படி கணக்கிட வேண்டும்.

ஏற்றத்தில் கிடந்தால் தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பந்து உயரமாகப் போய்க் குறைந்த தொலைவிலேயே விழும் என்பதால், வழக்கத்தைவிட நீண்ட ஸ்விங் தேவை. இறக்கம்தான் எல்லாவற்றிலும் கடினம். அங்கேயும் தோள்கள் சரிவுக்கு இணையாகத்தான் இருக்க வேண்டும். முகத்தை நன்றாகத் திறந்து, பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, மட்டை சரிவைப் பின்தொடர்ந்து கீழ்நோக்கியே போகும்படி விட வேண்டும். மேலே இழுத்தால் பந்தின் தலையில்தான் படும்.

கிரீனுக்குத் தொலைவில் இருக்கும் ஃபேர்வே பங்கர் வேறு சங்கதி. அங்கே பந்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும். பாதத்தைக் குறைவாக இறக்கி, முன்னால் இருக்கும் விளிம்பைத் தாண்டும் லாஃப்ட் உள்ள மட்டையை மட்டும் எடுங்கள்.

விதிகளும் விவேகமும்

2019-இல் விதிகள் மாற்றப்பட்டபின், பங்கரில் கிடக்கும் இலை, குச்சி, கல் ஆகியவற்றைப் பந்து நகராதபடி எடுத்துவிடலாம். ஆனால் மணலைச் சோதிப்பதற்காகத் தொடுவது, பந்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ மட்டையை மணலில் ஊன்றுவது, பயிற்சி ஸ்விங்கிலோ மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போதோ மணலைத் தொடுவது ஆகியவற்றுக்கு ஸ்ட்ரோக் ஆட்டத்தில், அதாவது மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில், இரண்டு அடி தண்டனை. 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன், பார்வையாளர்கள் மிதித்த வெற்று மண் என்று நினைத்து மட்டையை ஊன்றிய இடம் பங்கர் என்று தீர்ப்பானது. அந்த இரண்டு அடிகளால் சமநிலையில் இருப்பவர்கள் பட்டத்துக்காக மோதும் பிளேஆஃபில் ஆடும் வாய்ப்பே அவருக்குப் போயிற்று. எனவே மட்டையை மணலுக்கு மேலே மிதக்கவிட்டு நிற்பதைக் கடற்கரையில் பழகும்போதே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விளிம்புக்கு அடியில் பந்து செருகிக்கொண்டால் வீரம் காட்ட வேண்டாம். ஆட முடியாத நிலை என்று அறிவித்து, ஒரு அடி தண்டனையோடு பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் பந்தைப் போடலாம். அல்லது இரண்டு அடி தண்டனையோடு, கொடியும் பந்தும் இருக்கும் நேர்கோட்டில் பின்னால் போய்ப் பங்கருக்கு வெளியே போடலாம். மழைநீர் தேங்கிய பங்கரில் தண்டனையின்றி உள்ளேயே விலகிக்கொள்ள முடியும். வெளியே வர விரும்பினால் ஒரு அடி. விளிம்பு தாழ்வாகவும் மணல் இறுகியும் இருந்தால் கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரையே எடுத்து உருட்டிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆடி முடித்ததும் உங்கள் காலடித்தடத்தையும் மட்டைத்தடத்தையும் ரேக்கால் சமன் செய்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும்.

மைதானத்துப் பயிற்சி பங்கரில் பந்தோடு நிற்கும் நாள் வந்ததும் முதல் இலக்கைக் கொடிக்கு வைக்காதீர்கள். அடிக்கும் 10 பந்துகளும் ஒரே அடியில் புல்லுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களே கிரீனோரப் பங்கரிலிருந்து இரண்டு அடிகளில் குழியை முடிப்பது ஏறக்குறைய பாதி முறைதான். பத்துக்குப் பத்து வெளியே வரத் தொடங்கிய பிறகு கொடியைச் சுற்றி மூன்று மட்டை நீளத்துக்கு ஒரு வட்டத்தை மனத்தில் வரைந்துகொண்டு, அதற்குள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறையும் நாளில் பந்துகளை ஓரமாக வைத்துவிட்டு, மணலில் மறுபடியும் கோட்டைக் கிழியுங்கள்.